எட்டாவை எங்கிருந்து ஆரம்பிப்பது, ஸ்னோரியை எவ்வளவு நம்புவது?

தெப்பக்குளம் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நார்ஸ் புராணம், அதாவது நார்வே, ஐஸ்லாந்துப் பக்கத்துப் பழைய தெய்வக் கதைகள், எடுத்திருக்கிறோம். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துப் பக்கம்தான் கூடுவது. வருகிறவர்களில் பாதிப்பேர் சினிமாவில் தோரைப் பார்த்தவர்கள். மீதிப்பேர் கம்பராமாயணம், திருவிளையாடல் என்று ஊறியவர்கள். "மூலத்தில் எங்கே இருக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

சிக்கலும் அங்கேதான். உலக மரமான இக்ட்ரசிலின் மூன்று வேர்கள் எங்கெங்கே போகின்றன என்று தேடினால் ஒரு நூலில் ஒன்று, இன்னொரு நூலில் வேறு. "ஒன்பது உலகங்கள்" பட்டியல் இணையத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கிடக்கிறது. தேவர் தலைவன் ஓடினின் மகன் பால்டர் சாவுக்குச் சூழ்ச்சிக்காரன் லோகிதான் காரணம் என்கிறார்கள். சாக்ஸோ எழுதிய டென்மார்க் வரலாற்றில் அதே கதையில் லோகி தலையே காட்டவில்லை. பழம்பாட்டுத் தொகுப்பான செய்யுள் எட்டாவை முதலில் எடுப்பதா, ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி எழுதிய உரைநடை எட்டாவையா? அவர் சொன்னதில் எவ்வளவு பழசு, எவ்வளவு அவர் கைச்சரக்கு?

இன்னொன்றும் உண்டு. போரில் செத்த வீரர்கள் தங்கும் ஓடினின் மாளிகை வல்ஹல்லாவுக்கு 540 வாசல், வாசலுக்கு 800 வீரர்கள், பெருக்கினால் 4,32,000. கலியுகத்தின் ஆண்டுக் கணக்கும் அதேதான். இதைச் சபையில் சொல்லலாமா? சொன்னால் அப்புறம் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

சுவடிக்கட்டு:

அக்கா, "எது ஆதாரம்" என்று கேட்பதைவிட, "இந்தக் கதைக்கு எத்தனை சாட்சி, ஒவ்வொரு சாட்சியும் எந்தக் காலத்து ஆள்" என்று கேட்டுப் பாருங்கள். பாதி முடிச்சு தானாக அவிழும்.

ஐஸ்லாந்து ஆல்திங் சபையில் கூடிச் சட்டம் போட்டே கிறிஸ்தவத்துக்கு மாறியது, கி.பி. 1000 வாக்கில். ஓடினையும் தோரையும் கும்பிட்டவர்கள் தங்கள் கையால் எழுதிவைத்த புராண நூல் ஒன்றுகூட நமக்கு இல்லை. இருப்பதெல்லாம் கிறிஸ்தவர்கள் இருநூறு, முந்நூறு வருடம் கழித்து, கன்றுத்தோலில், லத்தீன் எழுத்தில் எழுதியவை. இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் யாராவது கேட்டு மொத்தமும் ஆட்டம் காணும்.

செய்யுள் எட்டா என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு சுவடி: கோடெக்ஸ் ரேகியுஸ், 1270-களில் எழுதப்பட்டது. 45 ஏடு, உயரம் 19 சென்டிமீட்டர், அகலம் 13, அவ்வளவுதான். நடுவில் 8 ஏடு கொண்ட ஒரு மடிப்பு மொத்தமாகக் காணோம். வீரன் சிகுர்த்தின் கதையில் முக்கியமான பகுதி அதோடு போயிற்று. முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லாத பதிற்றுப்பத்தை வைத்திருக்கிற நமக்கு அந்த வலி புதிதல்ல. 1643-ல் ஸ்கால்ஹோல்ட் பிஷப் ப்ரின்யோல்ஃபூர் ஸ்வெயின்சன் கைக்கு வந்தது. அதற்கு முன் எங்கே இருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் சைமுண்ட் தொகுத்தது என்று பிஷப் நினைத்துக்கொண்டதால் "சைமுண்டின் எட்டா" என்ற தப்பான பெயர் ரொம்ப காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1662-ல் டென்மார்க் அரசருக்குப் போய், 1971 ஏப்ரல் 21-ல் போர்க்கப்பலில் ரெய்க்யவிக் திரும்பியது.

உலகம் பிறந்து அழிவதைச் சொல்லும் வோலுஸ்பா பாட்டுக்கு இன்னொரு வடிவம் ஹவுக்ஸ்போக் என்ற 14-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் இருக்கிறது. அதில் பாட்டு வரிசை வேறு, பால்டர் கொலைப் பாட்டுகள் இல்லை. ஆனால் கடைசிப் பக்கம் "வல்லவன் ஒருவன் தீர்ப்புக்கு வருகிறான்" என்று ஒரு பாட்டு கூடுதலாக உண்டு. ரேகியுஸில் அது கிடையாது. கிறிஸ்தவ வாடை அடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் நெற்றி சுருக்குவது அந்த இடத்தில்தான். "பால்டரின் கனவுகள்" என்ற 14 பாட்டு ரேகியுஸில் இல்லை. சுமார் 1300-ஐச் சேர்ந்த ஆறே ஏட்டுத் துண்டு ஒன்றில்தான் பிழைத்திருக்கிறது.

ஸ்னோரி ஸ்டுர்லுசன் (1179–1241) பூசாரியும் இல்லை, துறவியும் இல்லை. சொத்துபத்து, வழக்கு, அரசியல் என்று புரண்ட பெரிய கை. ஆல்திங்கில் இரண்டு தடவை சட்டம் சொல்லும் பதவி வகித்தவர். நார்வே அரசரோடு பகை முற்றி, ரெய்க்ஹோல்ட்டில் சொந்த வீட்டிலேயே வெட்டுப்பட்டுச் செத்தார். அவர் 1220-களில் எட்டா எழுதியது மதம் பரப்ப அல்ல. பழைய பாட்டில் வரும் மறைபொருள் பெயர்கள் இளங்கவிஞர்களுக்குப் புரியாமல் போய்க்கொண்டிருந்தன. அதற்கான பாடநூல் அது. முன்னுரை, புராணச் சுருக்கமான கில்ஃபகின்னிங், நிகண்டு மாதிரியான ஸ்கால்ட்ஸ்காபர்மால், யாப்பு வகைகளுக்கு அவரே கட்டிய எடுத்துக்காட்டுப் பாடல்களான ஹாத்ததால் என்று நாலு பகுதி. திவாகரத்தையும் காரிகையையும் ஒரே கட்டாகக் கட்டி, முன்னால் ஒரு கதைச் சுருக்கம் வைத்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அது.

பாடநூல் எழுதுகிறவருக்கு முரண்பாடு பிடிக்காது. அங்கேதான் ஸ்னோரியின் கை தெரியும். நீங்கள் கேட்ட வேர்களையே எடுங்கள். செய்யுள் எட்டாவில் வரும் க்ரிம்னிஸ்மாலின் 31-ஆம் பாட்டில் ஒரு வேருக்கடியில் இறந்தவர் உலகமான ஹெல், ஒன்றுக்கடியில் பனி அரக்கர், ஒன்றுக்கடியில் மனிதர். ஸ்னோரியிடம் ஒரு வேர் தேவர்களிடம், ஒன்று பனி அரக்கரிடம், ஒன்று பனிமூட்ட உலகமான நிஃப்ல்ஹெய்முக்கு மேல். மனிதர் போய்த் தேவர் வந்துவிட்டார்கள். விதி தேவதைகளின் கிணற்றையும் தேவர்களின் நீதிமன்றத்தையும் ஒரு வேரடியில் வைக்க அவருக்கு இடம் தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பது உலகத்துக்கு வருவோம். வோலுஸ்பா 2-லும் வஃப்த்ரூத்னிஸ்மால் 43-லும் "ஒன்பது உலகம்" என்று வருகிறது. ஒன்பதின் பெயரையும் வரிசையாகச் சொல்லும் இடம் எந்த மூலத்திலும் இல்லை, ஸ்னோரியிடம்கூட இல்லை. இணையத்தில் கிடைப்பவை பல பாட்டிலிருந்து பெயரைப் பொறுக்கி இந்தக் காலத்தவர் ஒட்டியவை. அதனால்தான் ஆளுக்கொரு பட்டியல். வட்டம் போட்டு உலகப்படம் வரைந்து ஒட்டவேண்டாம் அக்கா, பிறகு கிழிக்க முடியாது.

அவர் முன்னுரையும் தனி வேடிக்கை. தேவர்கள் டிராயிலிருந்து, அதாவது ஆசியாவிலிருந்து வந்த மனிதர்களாம், தோர் பிரியாம் மன்னனின் பேரனாம். பழைய சாமிகளை மனிதர்களாக்கிவிட்டால் கிறிஸ்தவர் ஒருவர் கூச்சமில்லாமல் கதை சொல்லலாம். அந்தச் சட்டகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

அதற்காக அவரைப் புளுகர் என்று தள்ளிவிடவும் கூடாது. உலகைச் சுற்றிக் கிடக்கும் மிட்கார்ட் பாம்பைத் தோர் தூண்டில் போட்டுப் பிடிக்கிற கதையில், இழுத்த இழுப்பில் தோரின் கால் படகின் அடிப்பலகையைப் பொத்துக்கொண்டு கடலடியில் ஊன்றியது என்கிறார் ஸ்னோரி. அதே கதையைப் பாடும் ஹிமிஸ்க்விதாவில் இந்தச் செய்தி இல்லை. "சரி, அவரே சேர்த்தது" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் ஸ்வீடனில் அல்டுனா என்ற ஊரில் 11-ஆம் நூற்றாண்டு ரூன் கல் ஒன்று நிற்கிறது. ஒரு கையில் சுத்தியல், மறு கையில் தூண்டில் கயிறு, படகுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பாதம். ஸ்னோரி பிறப்பதற்கு முன்பே, கடல் தாண்டி வேறு தேசத்தில், யாரோ ஒரு சிற்பி அதே காலைச் செதுக்கிவைத்திருக்கிறான்.

யாப்பு வாத்தியார்:

மேலே எழுதிய தம்பி மூன்றாவது சாட்சியைத் தொடாமல் போய்விட்டார். எனக்கு அதுதான் முதல் சாட்சி. ஸ்கால்டுகள் என்ற அரசவைப் புலவர்களின் பாட்டு.

பிராகி 9-ஆம் நூற்றாண்டு. தியோடோல்ஃப் பாடிய "ஹவுஸ்ட்லோங்" ஏறக்குறைய 900. உல்ஃப் உக்கசனின் "ஹூஸ்த்ராபா" 980-களில், ஒரு புது மாளிகையின் மரச்சுவரில் செதுக்கியிருந்த படங்களைப் பார்த்துப் பாடியது. பாம்பு மீன்பிடிப்பும் பால்டரின் ஈமச்சடங்கும் அதில் உண்டு. இவை மதம் மாறுவதற்கு முன் பாடியவை. எழுத்தில் ஏறியதோ 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. நடுவில் இருநூறு, முந்நூறு வருடம் வாயிலேயே வாழ்ந்த பாட்டை எப்படி நம்புவது?

யாப்பைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. ட்ரோட்க்வேட் என்ற பாவகைக்கு எட்டு அடி, அடிக்கு ஆறு அசை. இரண்டிரண்டு அடியாக மோனையால் பின்னவேண்டும். ஒற்றைப்படை அடியில் இரண்டு இடத்தில் மோனை, அடுத்த அடியின் முதல் அழுத்தத்தில் அதே எழுத்து. அது போதாதென்று ஒவ்வொரு அடிக்குள்ளும் எதுகை. ஸ்னோரி ஹாத்ததாலை இப்படித் தொடங்குகிறார், உச்சரிப்புக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

லைத்ர், ஸாஸ் ஹாகுன் ஹெய்த்திர்,
ஹன் ரெக்கிர் லித், பன்னத்

ஹாகுன், ஹெய்த்திர், ஹன்: மோனை. இரண்டாம் அடியில் ஹன், பன்: உயிரும் ஒற்றும் சேர்ந்து ஒத்த முழு எதுகை. முதல் அடியில் லைத்ர், ஹெய்த்: உயிர் வேறு, ஒற்று ஒன்று, அது அரை எதுகை. ஒற்றைப்படை அடிக்கு அரை, இரட்டைப்படை அடிக்கு முழு என்பது விதி. "கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக" குறளில் கற்க, நிற்க என்பது அவர்கள் கணக்கில் அரை எதுகைதான், உயிர் மாறிவிட்டதே. நாம் அடிதோறும் தலைப்பில் எதுகை வைப்போம். அவர்கள் ஒரே அடிக்குள் முன்னும் பின்னும் வைக்கிறார்கள், நம் சீர் எதுகை போல. மோனையில் ஒரு வித்தியாசத்தை மறக்கவேண்டாம். நமக்கு அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ வேறு இனம். அவர்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனை. ஆனால் ஸ்க, ஸ்ப, ஸ்ட மூன்றும் தத்தமக்குள் மட்டும்.

இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். அசை சரியாக வந்தால் மோனை போகும், மோனை நின்றால் எதுகை போகும். மறந்தால் மொத்தமாக மறக்கலாம், பாதியாக மாற்ற முடியாது. அதனால்தான் 900-ல் பாடியது 1220-க்கு ஓரளவு உடையாமல் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம். எட்டாப் பாட்டுகளின் யாப்பு இளகியது. மோனை மட்டும் வேண்டும், எதுகைக் கட்டாயம் இல்லை, அசைக்கணக்கும் தளர்ச்சி. பாடுகிறவர் வாயில் அது நெளியும். வோலுஸ்பாவுக்கு இரண்டு சுவடியில் இரண்டு வடிவம் வந்தது அதனால்தான். படைப்புப் பாட்டில் ரேகியுஸும் ஹவுக்ஸ்போக்கும் "யிமிர் வாழ்ந்த காலத்தில்" என்கின்றன (யிமிர் ஆதி அரக்கன், அவன் உடலிலிருந்துதான் உலகம் ஆனது). ஸ்னோரி எடுத்தாளும்போது "எதுவுமே இல்லாத காலத்தில்" என்று இருக்கிறது. ஸ்கால்டு பாட்டில் இப்படி அரை அடி நழுவ யாப்பு விடாது.

மறைபொருள் பெயர்களை உங்கள் சபை ரசிக்கும். பொன்னுக்கு "சிஃபின் கூந்தல்", "ஃப்ரேயாவின் கண்ணீர்", "நீர்நாயின் ஈட்டுத்தொகை". வானத்துக்கு "யிமிரின் மண்டையோடு". கவிதைக்கு "குள்ளர்களின் பானம்". ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு, கதை தெரியாவிட்டால் பாட்டு ஊமை. ஸ்னோரி புராணத்தைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது இதனால்தான். பெயருக்குள் பெயராக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஐந்துக்கு மேல் அடுக்கினால் அளவு மீறியது என்று அவரே கடிவாளம் போடுகிறார்.

ஸ்னோரியைச் சந்தேகிப்பவர்கள் கவனிக்கவேண்டியது: நான் சொன்ன மூன்று பழம்பாட்டும் நமக்குக் கிடைத்ததே அவர் நூலின் சுவடிகளில் மேற்கோளாக வந்ததால்தான்.

கூடல்நகர் குமரன்:

4,32,000 விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. தற்செயலாக இவ்வளவு துல்லியமாக ஒரு எண் பொருந்துமா? இந்தோ-ஐரோப்பிய மூலம் ஒன்று என்று மொழியியல்காரர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்க யுகக் கணக்கு மட்டும் அங்கே போயிருக்கக் கூடாதா? தாராளமாகச் சொல்லுங்கள் அக்கா, கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சுவடிக்கட்டு:

குமரன், நிமிர்ந்து உட்காருவார்கள், சரிதான். பெருக்கலை ஒருதரம் சரிபார்த்துவிட்டு நிமிரச் சொல்வோம்.

க்ரிம்னிஸ்மால் 23-ல் இருப்பது "ஐந்து நூறும் நாற்பதும்" வாசல், ஒரு வாசலில் "எட்டு நூறு" வீரர். பழைய நார்ஸில் "நூறு" என்றால் பெரும்பாலும் 120. பன்னிரண்டு பத்து. ஐஸ்லாந்தில் சொத்து, துணி, கால்நடைக் கணக்கெல்லாம் இந்தப் பெருநூறில்தான் ஓடியது. அப்படி எண்ணினால் வாசல் 640, வீரர் 960, பெருக்கினால் 6,14,400. கலியுகம் கழன்றுபோயிற்று.

பாட்டு பெருக்கவும் இல்லை. கடைசிப் போரில் ஓநாயோடு சண்டைக்குப் போகும்போது ஒரு வாசல் வழியே இத்தனை பேர் ஒரே சமயத்தில் போவார்கள் என்றுதான் சொல்கிறது. அடுத்த பாட்டில் தோரின் மாளிகை பில்ஸ்கிர்னிருக்கும் அதே ஐந்து நூற்று நாற்பது அறை. "எண்ணி மாளாத பெரிய வீடு" என்பதற்கு அந்தப் புலவன் கையில் வைத்திருந்த எண் அது. யுகக் கணக்கு என்றால் தோர் வீட்டு அறைகளுக்கு என்ன செய்வது?

அக்கா, சபையில் இதைத் தாராளமாகச் சொல்லலாம், இந்த 120 கணக்கோடு சேர்த்து. கரும்பலகையில் இரண்டு பெருக்கலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

தெப்பக்குளம் வாசகி:

இருவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, ஹாத்ததால் அடியை அப்படியே ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கப்போகிறேன்.

மூன்று கேள்வி மீதி. ஆறு வாரத்துக்கு என்ன வரிசை? பால்டர் கதைக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கலாமா? இந்திரன், விருத்திரன் கதையைத் தோரோடு வைத்துப் பேசச் சொல்லி இரண்டு பேர் கேட்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயில் கதையே இந்திரன் பழி தீர்ந்ததில்தானே ஆரம்பிக்கிறது.

சுவடிக்கட்டு:

வரிசை. வோலுஸ்பாவில் ஆரம்பிக்காதீர்கள். ரேகியுஸில் முதல் பாட்டு அதுதான் என்பதால் எல்லாரும் அதில் இறங்கி, பத்தாவது பாட்டில் வரும் குள்ளர்கள் பெயர்ப்பட்டியலில் மூழ்கிப்போகிறார்கள். முதல் வாரம் த்ரிம்ஸ்க்விதா. 32 பாட்டு, ஒரே கதை, சிரித்துக்கொண்டே வாசித்துவிடலாம். சுத்தியல் திருடு போய், தோர் மணப்பெண் வேஷம் கட்டி, கல்யாண விருந்தில் ஒரு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்று தீர்க்கிறார். சினிமாக் கூட்டத்துக்கு இதுதான் சரியான முதல் அடி. தகுதியுள்ளவன்தான் சுத்தியலைத் தூக்க முடியும் என்பதெல்லாம் மூலத்தில் இல்லை, அரக்கன் எடுத்துக்கொண்டு போய் மண்ணுக்கடியில் புதைத்தேவிட்டான். லோகி ஓடினின் வளர்ப்பு மகனும் இல்லை, லோகசென்னா என்ற எட்டாப் பாட்டின்படி இரத்தம் கலந்து சகோதரரானவர்கள். இறந்தவர் உலகத்தை ஆளும் ஹெல் என்பவளும் ஓடினின் மகள் அல்ல, லோகியின் மகள்.

இரண்டாம் வாரம் கில்ஃபகின்னிங். மூன்றில் அவர் எடுத்தாண்ட வஃப்த்ரூத்னிஸ்மால், க்ரிம்னிஸ்மால் இரண்டும். ஸ்னோரியைப் படித்த சூட்டோடு அவர் மேற்கோள் காட்டிய பாட்டை மூலத்தில் பார்த்தால், எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார் என்பது பளிச்சென்று தெரியும். இந்த இரண்டு வாரத்தையும் பிரிக்காதீர்கள். நான்காவது பால்டர். ஐந்தில் வோலுஸ்பா, இரண்டு சுவடி வடிவத்தையும் பக்கத்தில் வைத்து. ஆறாவது ஹாவமால். 164 பாட்டும் முடியாது, முதல் 80-ம், ஓடின் தன்னைத் தனக்கே பலியிட்டு ஒன்பது இரவு மரத்தில் தொங்கும் 138-லிருந்து சில பாட்டும் போதும். அந்த மரம் இக்ட்ரசில் என்று பாட்டு சொல்வதில்லை, "காற்றாடும் மரம்" என்றுதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய சம்பவத்தை ஸ்னோரி தன் எட்டாவில் விவரிக்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். முதல் 80 பாட்டு விருந்து, நட்பு, குடி, வாய்க்காவல் பற்றிய நீதி. நாலடியார் படித்தவர்களிடம் அந்தப் பகுதியைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1916-ல் வந்த ப்ரோடூரின் ஆங்கில ஸ்னோரி இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் ஹாத்ததால் இல்லை. ஃபால்க்ஸின் 1987 மொழிபெயர்ப்பு முழு நூல். செய்யுள் எட்டாவுக்கு பெல்லோஸின் 1923 பதிப்பும் இலவசம்தான், அங்கங்கே பாட்டு வரிசையை அவரே மாற்றியிருப்பார். பதிப்புக்குப் பதிப்பு பாட்டு எண் மாறும் என்பதால், "32-ஆம் பாட்டு" என்று மட்டும் தாளில் அடிக்காமல் முதல் அடியையும் சேர்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் பக்கம் தேடுவதில் போகும்.

பால்டருக்கு ஒரு வாரம் தாராளமாக ஒதுக்கலாம். சாட்சிகளை வயதுப்படி அடுக்க இதைவிட நல்ல கதை கிடையாது. ஹூஸ்த்ராபாவில் ஈமச்சடங்கு மட்டும், கொலை பற்றிப் பேச்சில்லை. வோலுஸ்பாவில் ஹோதர் என்பவன் எறிகிறான், ஆயுதம் மிஸ்டில்டோ, ஒரே இரவு வயதான தம்பி பழிவாங்குகிறான். ஹோதர் குருடன் என்று அங்கே இல்லை, ஸ்னோரியிடம் மட்டும்தான் அவனுக்குக் கண் தெரியாது. "பால்டரின் கனவுக"ளிலும் கொன்றவன் ஹோதர், கொலையில் லோகிக்குப் பங்கு இருப்பதாகப் பேச்சில்லை. லோகசென்னா 28-ல்தான் லோகி "பால்டர் திரும்பி வராததற்கு நானே காரணம்" என்று பால்டரின் தாய் ஃப்ரிக்கின் முகத்துக்கு நேரே சொல்கிறான். ஆனால் என்ன செய்தான் என்று சொல்லவில்லை. பால்டருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று ஃப்ரிக் எல்லாப் பொருளிடமும் சத்தியம் வாங்கியது, லோகி பெண்வேஷம் போட்டு இரகசியத்தைக் கறந்தது, அவனை மீட்க ஹெர்மோத் ஒன்பது இரவு ஹெல்லுக்குக் குதிரை ஓட்டியது, அவன் திரும்பிவர எல்லாரும் அழவேண்டும் என்றபோது கிழவி ஒருத்தி அழ மறுத்தது, இவையெல்லாம் கோவையாகக் கிடைப்பது ஸ்னோரி ஒருவரிடம். சாக்ஸோ 1200-ஐ ஒட்டி லத்தீனில் எழுதியது முற்றிலும் வேறு கதை. நன்னா என்ற பெண்ணுக்காக இரண்டு பேர் மோதுகிறார்கள், ஹோதர் வாளால் வெட்டுகிறான், மிஸ்டில்டோவும் இல்லை, லோகியும் இல்லை.

மிஸ்டில்டோ என்ன செடி என்று கேட்பார்கள். நம் மாமரக் கிளையில் ஒட்டி வளர்கிற புல்லுருவி ஜாதி. அதை ஒடித்துப் பார்த்தவனுக்கு ஈட்டி செய்யத் தோன்றாது. ஐஸ்லாந்தில் அது வளர்வதே இல்லை. அதனால்தானோ என்னவோ, வோலுஸ்பாவில் அது சமவெளிக்கு மேலே உயர்ந்து மெலிந்து அழகாக நிற்கிறது. ஸ்னோரியின் லோகி அதை வல்ஹல்லாவுக்கு மேற்கே தரையிலிருந்து பிடுங்கி எடுக்கிறான்.

பசுமலை:

இந்திரன் பேச்சுக்கு என் பங்கு.

தோரையும் இந்திரனையும் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் எந்த இந்திரனை என்று முதலில் முடிவு பண்ணுங்கள். இடி, செய்து கொடுத்த ஆயுதம், அகோரப் பசி, தாகம், பாம்பு எதிரி, இத்தனையும் பொருந்துவது ரிக்வேத இந்திரன். முதல் மண்டலம் 32-ஆம் சூக்தத்தில் வஜ்ஜிரத்தால் விருத்திரப் பாம்பைப் பிளந்து நீரை விடுவிக்கிறான். ஹிமிஸ்க்விதாவுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டியது அதை. அங்கேயும் வித்தியாசம் முக்கியம். விருத்திரன் செத்தால் உலகத்துக்கு ஆறு ஓடுகிறது. மிட்கார்ட் பாம்பு உலகைச் சுற்றிக் கிடக்கிறது, அது சாகும் நாள் ரக்னராக், உலகம் அழியும் நாள். தோரும் ஒன்பது அடி நடந்து விழுந்துவிடுகிறார்.

இதனால்தான் மீன்பிடிப்புக் கதையின் முடிவில் அவர்களுக்குள்ளேயே தகராறு. ஹூஸ்த்ராபாவில் தோர் பாம்பின் தலையை வெட்டிவிடுகிறார். ஸ்னோரியிடம் படகில் கூட வந்த அரக்கன் ஹிமிர் பயந்துபோய்த் தூண்டில் கயிற்றை அறுக்கிறான், பாம்பு முங்கிவிடுகிறது. "தலையை வெட்டினார் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் பாம்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது" என்று ஸ்னோரி தன் கதாபாத்திரத்தின் வாயில் வைக்கிறார். கடைசிப் போரில் தோரோடு மோத அவருக்குப் பாம்பு வேண்டுமே. இப்போதே கொன்றுவிட்டால் எப்படி?

திருவிளையாடல் இந்திரன் வேறு ஆள். விருத்திரனைக் கொன்றதால் அவனுக்குப் பிரமகத்தி பிடிக்கிறது. கடம்பவனத்துக்கு வந்து சொக்கலிங்கத்தைப் பூசித்த பிறகு தீருகிறது. ஆயிரக்கணக்கான வருடம் புராணங்கள் வழியாக வந்து, நம்ம ஊர்க் கோயில் வரலாறாக உட்கார்ந்த கதை. கொன்றதற்காகத் தோருக்கு யாரும் பழி போடுவதில்லை, பரிகாரமும் இல்லை. ஆகவே "இரண்டும் ஒன்று" என்று போகாமல், கதையைக் கையில் எடுத்தவர் அதற்கு என்ன செய்கிறார் என்று பேசினால் திருவிளையாடல்காரர்களுக்கு ஸ்னோரி சட்டென்று பிடிபடுவார். பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பரஞ்சோதி முனிவரும் 64 திருவிளையாடலை ஒரே வரிசையில் சொல்லவில்லை என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியும். வோலுஸ்பாவின் இரண்டு சுவடிக்கு அவர்களே விளக்கம் சொல்லிவிடுவார்கள்.

கூடல்நகர் குமரன்:

பெருநூறு கணக்கு எனக்குப் புதுசு, சரி ஒத்துக்கிறேன். ஒரு சந்தேகம். ரேகியுஸில் போன 8 ஏட்டில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

சுவடிக்கட்டு:

வோல்சுங்க சாகா. 13-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் அந்த வீரப்பாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் உரைநடையாக எழுதியிருக்கிறார். ஏடு தொலைந்த இடத்துக்குக் கதை அதிலிருந்து கிடைக்கிறது, நடுநடுவே சில பாட்டும் அப்படியே. ஆனால் உரைநடை ஆக்கியவர் எதைச் சுருக்கினார் என்பதை, பாட்டும் உரைநடையும் இரண்டுமே கிடைக்கிற பகுதிகளில் ஒப்பிட்டுத்தான் ஊகிக்கவேண்டும். அதற்கு ஏழாவது வாரம் வேண்டும், அக்காவிடம் கேட்டுப் பார்.